ஒரு புள்ளி, ரெண்டு கோடு, மூணு கோடு

மக்களே, இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு ஒண்ணு வெளிய வருது. பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம்னு நெனச்சு ஓடிடாதீங்க. அடிப்படையில இது பேர் வைக்கிறதைப் பத்தின கதை. ஒரே ஒரு வார்த்தை யாருக்குச் சொந்தம்னு பெரிய தலைகள் முட்டிக்கிட்ட சண்டையும் உள்ள இருக்கு, கடைசி வரைக்கும் வாங்க.

எங்க ஊர் உறுவையாறு. வெளியூர்ல யாராவது கேட்டா "வில்லியனூர் பக்கம்"னு சொல்லிடுவோம். முகவரி எழுதும்போது மட்டும் உறுவையாறு, வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரின்னு முழுசா எழுதணும். கொம்யூன்ங்கிறது பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன வார்த்தை. புதுச்சேரிப் பகுதியில அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர்னு அஞ்சு கொம்யூன் இருக்கு. இதுல எந்த ஊருக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு மாரியம்மன் கோயில் தெரு இருக்கும். ஊருக்குள்ளயே இருக்கிறவருக்கு "மாரியம்மன் கோயில் தெரு"ன்னு சொன்னா போதும். கூரியர்காரருக்குப் போதாது. எந்த ஊரு மாரியம்மன்னு கேப்பாரு, கேக்கணும்.

கட்டளை வரியிலயும் இதே கேள்விதான். கறுப்புத் திரையில ஒரு கட்டளையைத் தட்டி, அதுக்குப் பின்னாடி நாலு வார்த்தை சேர்த்து அடிக்கிறோமே, அந்த வார்த்தைகளுக்கு ஆர்க்யுமென்ட்னு பேரு. சண்டை போடுற ஆர்க்யுமென்ட் இல்லீங்க. "இதை இப்படிச் செய்"னு நிரலுக்குக் கொடுக்கிற குறிப்பு. வாங்குறது ஒரே நிரல்னா பிரச்சினையே இல்ல. வாங்குறது ஒரு கூட்டுக்குடும்பமா இருந்தா? எந்த வார்த்தை யாருக்கு?

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திடறேன். 1960களோட ஆரம்பத்துல அமெரிக்காவோட எம்ஐடியில சிடிஎஸ்எஸ்னு ஒரு இயங்குதளம் இருந்தது. ஒரே பெரிய கணினியைப் பல பேர் ஒரே நேரத்துல பங்கு போட்டுக்கிற ஏற்பாடு. அங்க வேலை பார்த்த லூயி பூசான்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1963, 64 வாக்குல ரன்காம்னு ஒண்ணு எழுதினாரு. கட்டளைகளை வரிசையா ஒரு கோப்புல எழுதி வெச்சுட்டு, அந்தக் கோப்பையே ஒரு கட்டளை மாதிரி ஓட்டலாம். ஓட்டும்போது கொடுக்கிற வார்த்தைகள் உள்ள காலியா விட்ட இடங்கள்ல போய் உக்காந்துக்கும். இன்னிக்கு லினக்ஸ்ல பாஷ்ஆர்சி மாதிரி 'ஆர்சி'ன்னு முடியுற கோப்புகள் எல்லாத்துலயும் ஒட்டிட்டிருக்கிற அந்த ரெண்டு எழுத்து, இந்த ரன்காமோட மிச்சம்தான். 'ஷெல்'ங்கிற வார்த்தையும் பூசான் வெச்சதுதான். 1965-ல அவரு பிரான்சுக்குத் திரும்பிட்டாரு. ஆக, எங்க ஊருக்குக் கொம்யூன் கொடுத்ததும் பிரெஞ்சு, எங்க பொழப்புக்கு ஷெல் கொடுத்ததும் பிரெஞ்சு :-)

அப்புறம் யூனிக்ஸ். 1971-ல வந்த முதல் பதிப்புலயே இன்னிக்கு நாம பயன்படுத்துற ஏற்பாடு வந்துடுச்சு. நீங்க தட்டின வரியை ஷெல் துண்டு துண்டா வெட்டி, ஒரு பட்டியலாக்கி, நிரல் கையில கொடுத்துடும். ஒரு நிரல், ஒரு பட்டியல். அதுல இருக்கிறது எல்லாம் எனக்குத்தான்னு நிரல் நிம்மதியா எடுத்துக்கும். அந்தக் காலத்து நிரல்களும் அப்படித்தான், ஒவ்வொண்ணும் ஒரு சின்ன வேலையை மட்டும் செய்யும். தனிக்குடித்தனம்.

கூட்டுக்குடும்பம் 1980கள்ல ஆரம்பிச்சது. எக்ஸ் விண்டோ வந்தப்போ ஜன்னலை எந்தத் திரையில தொறக்கணும், எவ்வளவு பெருசா தொறக்கணும்ங்கிறதெல்லாம் நிரலோட வேலை இல்ல, அடியில இருக்கிற நூலகத்தோட வேலைன்னு ஆச்சு. ஆனா வரி ஒண்ணுதானே? அதனால பந்தி பரிமாறுற கணக்கு வந்தது. பட்டியல் முதல்ல நூலகத்துக்கிட்ட போகும். 'டிஸ்ப்ளே', 'ஜியாமெட்ரி' மாதிரி தனக்கானதை அது எடுத்துக்கிட்டு, எடுத்ததைப் பட்டியல்லேர்ந்து நீக்கிட்டு, மீதியை நிரலுக்குத் தள்ளிவிடும். பிறகு வந்த ஜிடிகே, க்யூடி எல்லாமே இதே வழக்கம்தான். ரெண்டு பேரு இருக்கிற வரைக்கும் இது நல்லா ஓடும். பந்தியில நாற்பது பேரு உக்காந்தா, சாம்பார் வாளி கடைசி ஆளுகிட்ட வரும்போது என்ன மிச்சம் இருக்கும்னு சொல்ல முடியாது.

காலேஜ்ல ஜாவா படிச்சவங்களுக்கு எக்லிப்ஸ் ஞாபகம் இருக்கும். 2004-ல வந்த 3.0 பதிப்புலேர்ந்து அது ஓஎஸ்ஜிஐ சட்டகத்து மேல, கழட்டி மாட்டுற துண்டுகளா நிக்குது. அதோட வரியை மூணு பேரு படிப்பாங்க. முதல்ல தொடங்கி வைக்கிற சின்ன நிரல், அடுத்து சட்டகம், கடைசியா உள்ள ஓடுற செயலி. 'என்எல் டிஏ'ன்னு கொடுத்தா தமிழ்ல எழும்பச் சொல்றோம்னு அர்த்தம் (மொழிபெயர்ப்பு இருந்தாத்தானே எழும்பும், அது வேற சோகம்). 'விஎம்ஆர்க்ஸ்'னு ஒரு வார்த்தை வந்துட்டா அதுக்குப் பின்னாடி இருக்கிறது அத்தனையும் ஜாவா எந்திரத்துக்குப் போயிடும். நடுவுல செருகினா போச்சு. லேப் பரீட்சை அன்னிக்கு எக்லிப்ஸ் தொறக்காம முழிச்சவங்க கை தூக்குங்க.

இப்ப மெயின் பிக்சர். லினக்ஸ் கெர்னல்.

கணினி உயிர் பெறும்போது பூட்லோடர் கெர்னலுக்கு ஒரு வரி கொடுக்கும். 1990கள்ல லிலோன்னு ஒரு பூட்லோடர், ஒரு சின்ன கேள்விக்குறி மாதிரி நின்னுக்கிட்டு இருக்கும், நாம தட்டணும். அந்த ஒரே வரியை எத்தனை பேரு படிக்கிறாங்கன்னு பாருங்க. கெர்னலோட மையம், உள்ளயே ஒட்டி வெச்ச டிரைவர்கள், பிறகு ஏத்திக்கிற மாட்யூல்கள், எல்லாம் முடிஞ்சு எழும்புற முதல் நிரல் இனிட். இதுக்கு ஆரம்பத்துல இருந்தது ரொம்ப எளிமையான ஒரு விதி. கெர்னலுக்குப் புரியாத வார்த்தை வந்தா அதை இனிட்டுக்குக் கொடுத்துடும். சமக்குறி இருந்தா இனிட்டோட சூழல் மாறியா போகும், இல்லைன்னா ஆர்க்யுமென்டா போகும். பாஸ்வேர்டு மறந்தவங்க தட்டுற 'சிங்கிள்' இப்படித்தான் வேலை செஞ்சது. கெர்னலுக்கு அந்த வார்த்தை என்னன்னே தெரியாது. "எனக்கு வந்ததில்ல, உள்ள யாருக்காவது இருக்கும்"னு வாட்ச்மேன் தபாலை உள்ள அனுப்புற மாதிரி.

டிரைவர்கள் விஷயத்துலதான் குழப்பம். 3சி509-ன்னு த்ரீகாம் கம்பெனியோட ஒரு பழைய நெட்வொர்க் கார்டு. அதுக்கு ஐஆர்க்யூ எண் 10-ன்னு சொல்லணும். டிரைவரை மாட்யூலா ஏத்தினா 'ஐஆர்க்யூ=10'னு சொல்லலாம். அதே டிரைவரைக் கெர்னலுக்குள்ளயே ஒட்டி வெச்சிருந்தா அப்படிச் சொல்ல முடியாது. 'ஈதர்='னு ஆரம்பிச்சு, எண்ணு, முகவரி, கார்டு பேருன்னு காற்புள்ளி போட்டு வரிசையா எழுதணும். ஒரே கார்டு, ஒரே டிரைவர், ரெண்டு பாஷை. டிரைவர் எழுதுறவரும் ரெண்டு விதமா நிரல் எழுதணும். ஏன் ஒட்டி வெச்சப்போ வெறும் 'ஐஆர்க்யூ=10' ஆகாது? ஏன்னா உள்ள இருக்கிற டிரைவர்ல பாதிப் பேருக்கு ஐஆர்க்யூ உண்டு. மாரியம்மன் கோயில் தெரு!

இதைத் தீர்த்து வெச்சவரு ரஸ்டி ரஸல்னு ஒரு ஆஸ்திரேலியர். 2002 கடைசியில 2.5 வளர்ச்சிக் கிளையில மாட்யூல் ஏத்துற முறையையே அவரு புதுசா எழுதினாரு. அதோட வந்த ஏற்பாடு 2003 டிசம்பர்ல வந்த 2.6-ல எல்லார் கைக்கும் வந்தது. தீர்வு என்னன்னா ஒரு புள்ளி. '3சி509.ஐஆர்க்யூ=10'. மாட்யூல் பேரு, புள்ளி, குறிப்போட பேரு. அவ்வளவுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, டிரைவர் எழுதுறவரு அந்தப் புள்ளியை எங்கயுமே எழுத மாட்டாரு. அவரு 'ஐஆர்க்யூ'ன்னு மட்டும்தான் எழுதுவாரு. முன்னாடி ஒட்டுற பேரைக் கெர்னலைக் கட்டுற ஏற்பாடே ஒட்டிக்கும். நம்ம இனிஷியல் மாதிரிதான். வீட்டுல வெறும் முருகன். பள்ளிக்கூடத்துல மூணு முருகன் இருக்கிறப்போ கே. முருகன். அம்மா என்னிக்காவது இனிஷியலோட கூப்பிட்டிருக்காங்களா? வெளிய ஒரு கூட்டத்துல நிக்கும்போது மட்டும் அது தானா வந்து ஒட்டிக்குது. உள்ள ஒட்டினாலும் சரி, மாட்யூலா ஏத்தினாலும் சரி, பேர் மாறாது. மாட்யூலை ஏத்துற மோட்ப்ரோப் கட்டளையும் பூட் வரியைத் திரும்பப் படிச்சு, தான் ஏத்துற மாட்யூலோட பேர் போட்டு இருக்கிறதைப் பொறுக்கி எடுத்துக்கும். புள்ளி வெச்ச வார்த்தை எதையும் கெர்னல் இனிட்டுக்கு அனுப்பாது. அது ஏதோ ஒரு மாட்யூலுக்குன்னு எடுத்துக்கும்.

இங்க தமிழ் வருது. 2007-ல சென்னை சிடாக்லேர்ந்து பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. 2011-ல தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்போ விண்டோஸ் கூடவே அதுல இருந்ததே, அதுதான். பாஸுக்கு அடித்தளம் டெபியன். அதே 2007-ல, ஏப்ரல் 8 அன்னிக்கு, டெபியன் 4.0 வந்தது. அதோட நிறுவி, அதாவது இன்ஸ்டாலர், சுத்தமான கூட்டுக்குடும்பம். வட்டைப் பிரிக்க ஒரு துண்டு, நெட்வொர்க்குக்கு ஒரு துண்டு, மொழி கேக்க ஒரு துண்டு. ஒவ்வொண்ணும் தனித்தனிப் பொதி, தேவைப்படும்போது ஏறும். இந்தத் துண்டுகள் கேக்குற கேள்விகளுக்குப் பூட் வரியிலயே முன்கூட்டிப் பதில் எழுதி வெச்சுடலாம். இங்க புள்ளிக்குப் பதிலா சாய்கோடு. 'நெட்சிஎஃப்ஜி/கெட்_ஹோஸ்ட்நேம்=உறுவையாறு'ன்னு கொடுத்தா கணினிப் பேரு கேக்காமலே பதிஞ்சுடும் (பேரை நிஜத்துல ஆங்கில எழுத்துலதான் கொடுக்கணும், ஆசைக்கு எழுதினேன்). ஐம்பது பொட்டி இருக்கிற லேப்ல ஒவ்வொரு பொட்டி முன்னாடியும் உக்காந்து 'அடுத்து, அடுத்து'ன்னு அமுக்காம இருக்க இதுதான் வழி.

டெபியன் நிறுவியில தமிழ் இருக்கு. ஆனா வரைகலை முகப்புல மட்டும். வெறும் எழுத்துத் திரையில தமிழ் வராது. அந்தக் கன்சோலுக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்துன்னு வைக்கத்தான் தெரியும். 'கொ'ன்னு எழுதினா கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போய் ஒட்டணும்ங்கிற வித்தை தெரியாது. டெபியன் 4.0-ல வரைகலை நிறுவி வந்ததாலதான் தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம் எல்லாம் நிறுவியிலயே படிக்கக் கிடைச்சது. இதுல நம்ம கதைக்கு ஒரு முரண் இருக்கு பாருங்க. மொழி என்னன்னு கேக்குற துண்டு எழும்புறதுக்கு முன்னாடியே பூட் வரி முடிஞ்சு போச்சு. அப்ப தமிழ் வேணும்னு அந்த வரியிலயே சொல்லணும்னா, ஆங்கிலத்துல, அதுவும் அமெரிக்க விசைப்பலகை கணக்குல தட்டணும். பிரெஞ்சு விசைப்பலகை வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதிதான், ஒரு அல்ப சந்தோஷம்.

இடப் பஞ்சம் வேற. பழைய 2.4 கெர்னல் எட்டு ஆர்க்யுமென்ட், எட்டு சூழல் மாறி வரைக்கும்தான் தாங்கும். கூட இருந்தா சத்தமில்லாம விட்டுடும். 2.6 வந்தப்போ விடுறதுக்குப் பதிலா பேனிக் ஆகி நின்னுடும். 2.6.9-லேர்ந்துதான் ரெண்டுக்கும் 32 ஆச்சு. இந்த நெருக்கடியில முழு முகவரி எழுத இடம் ஏது? அதனால 'டெபியன்-இன்ஸ்டாலர்/லொகேல்'ங்கிறதுக்கு 'லொகேல்', மேல சொன்ன நீளமான பேருக்கு 'ஹோஸ்ட்நேம்'னு சுருக்கப் பேர்களும் வந்தது. முகவரியை நீட்டினா இடம் இல்ல, சுருக்கினா பேர் மோதும்.

நிறுவியில இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. சில குறிப்புகள் நிறுவும்போது மட்டும் வேணும், சிலது நிறுவி முடிச்ச பிறகும் ஒவ்வொரு தடவையும் வேணும். பிரிச்சுக் காட்ட நடுவுல ரெண்டு கோடு, '--'. அதுக்கு அப்புறம் எழுதினது எல்லாம் நிறுவின கணினியோட பூட்லோடர்லயும் பதிஞ்சுடும். யூனிக்ஸ் உலகத்துல ரெண்டு கோடுன்னா "இதோட முடிஞ்சது, அந்தப் பக்கம் வேற"ன்னு ரொம்ப நாளா ஒரு புரிதல் உண்டு. அதனால யாருக்கும் வித்தியாசமா தெரியல. 2014 வரைக்கும்.

2014 ஏப்ரல். அப்போ இனிட் இடத்துல பல லினக்ஸ்கள்ல சிஸ்டம்டி வந்து உக்காந்திருந்தது. கெர்னல்காரங்க 'டீபக்'னு ஒரு வார்த்தையைப் பூட் வரியில போடுறது பழங்கால வழக்கம். போட்டா கெர்னல் தன் பிழைதேடும் செய்திகளை எல்லாம் திரையில கொட்டும். சிஸ்டம்டி என்ன பண்ணுச்சுன்னா, தனக்குன்னு அனுப்பின ஆர்க்யுமென்டுக்குக் காத்திருக்காம, முழு பூட் வரியையும் தானே தொறந்து படிச்சு, 'டீபக்'னு பார்த்தா தானும் கொட்ட ஆரம்பிச்சது. கொட்டின இடமும் கெர்னலோட பதிவேடு. போரிஸ்லாவ் பெட்கோவ்ங்கிற கெர்னல்காரரோட கணினி இந்த வெள்ளத்துல எழும்பவே இல்ல. அவரு புகார் பதிஞ்சாரு. சிஸ்டம்டி தரப்புல கே சீவர்ஸ் சொன்ன பதிலோட சாரம்: பொதுவான வார்த்தை பொதுவானதுதான், முதல்ல பயன்படுத்தினவங்களுக்கு அது சொந்தமாகாது.

கொஞ்சம் யோசிச்சா அவரு சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. 'டீபக்'ல புள்ளி கிடையாதே! இனிஷியல் போடாம "முருகா"ன்னு கூப்பிட்டா ரெண்டு முருகன் திரும்பத்தான் செய்வான். ஆனா திரும்பினவன் ஊரே காது பொத்திக்கிற மாதிரி கத்தினதுதான் தப்புன்னு நான் சொல்லுவேன். கெர்னல் பக்கம் ஸ்டீவன் ரோஸ்டெட், 'டீபக்'கை மத்தவங்க கண்ணுக்கே தெரியாம மறைக்கிற ஒரு ஒட்டு அனுப்பினாரு. பாதி சீரியஸ், பாதி கிண்டல். லினஸ் டோர்வால்ட்ஸ் கடுப்பாகி, சீவர்ஸ் தன் போக்கை மாத்திக்கிற வரைக்கும் அவரோட கெர்னல் ஒட்டுகளை எடுக்க மாட்டேன்னு பகிரங்கமா எழுதிட்டாரு.

இந்த ரகளைக்கு நடுவுல திரும்ப வந்தாரு நம்ம புள்ளி வெச்ச ரஸ்டி. பூட் வரியில '--' வந்தா அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லாம் எந்த ஆராய்ச்சியும் இல்லாம நேரா இனிட்டுக்குப் போகும்னு ஒரு மாற்றம் செஞ்சாரு. 2014 ஜூன்ல வந்த 3.15-ல சேர்ந்தது. கூட எழுதின குறிப்புல ஒரு நக்கல். கெர்னல்ல 'டீபக்'னா எல்லாத்தையும் திரையில காட்டுன்னு அர்த்தம், சிஸ்டம்டியில அதே எழுத்துக்கு ஸ்காண்டிநேவிய உச்சரிப்பு, அர்த்தம் பூட் ஆகாதேன்னு கலாய்ச்சிருந்தாரு. தீர்வு அழகான தீர்வுதான். ஆனா ஒரு சிக்கல். அந்த '--' ஏற்கெனவே வேற ஒருத்தரோட வீடு. ஆமா, நிறுவியோட வீடு! நிறுவியில பழைய பழக்கத்துல '--' போட்டா, இப்ப அதுக்கு அப்புறம் இருக்கிறதைக் கெர்னல் "இது இனிட்டுக்கு"ன்னு எடுத்துக்கொடுத்துடும். யார் யாரோ போட்ட சண்டைக்கு, சம்பந்தமே இல்லாத நிறுவிக்காரங்க வீட்டைக் காலி பண்ண வேண்டியதாச்சு. 2015 ஏப்ரல்ல வந்த டெபியன் 8-ல பாருங்க, மூணு கோடு, '---'. பழைய கையேட்டைப் பார்த்து ரெண்டு கோடு போடுறவங்க இன்னிக்கும் உண்டு.

சரி, 'டீபக்' கடைசியில யாருக்குப் போச்சு? யாருக்கும் போகல. இன்னிக்கும் அந்த வார்த்தையைக் கெர்னலும் படிக்குது, சிஸ்டம்டியும் படிக்குது. சிஸ்டம்டியை மட்டும் பேச வைக்கணும்னா 'சிஸ்டம்டி.லாக்_லெவல்=டீபக்'னு முழு முகவரி போட்டு எழுதலாம். 2016-ல வந்த 4.8 கெர்னல்ல அதே பெட்கோவ், வெளி நிரல்கள் கெர்னல் பதிவேட்டுல எவ்வளவு வேகமா எழுதலாம்னு ஒரு வரம்பு வெச்சாரு. அந்த வரம்பை எடுத்துவிடவும், எழுதுறதையே மொத்தமா தடுக்கவும் ஒரு பூட் வரிக் குறிப்பு உண்டு. பேரு 'பிரின்ட்கே.டெவ்கேமெஸ்ஜி'. நடுவுல புள்ளி இருக்கு, கவனிச்சீங்களா?

லினக்ஸ் வெச்சிருக்கிறவங்க ஒரு வேலை பண்ணுங்க. டெர்மினலைத் தொறந்து, ப்ராக் அடைவுல இருக்கிற சிஎம்டிலைன் கோப்பை 'கேட்' போட்டுப் பாருங்க. உங்க பொட்டி இன்னிக்குக் காலையில எந்த வரியோட எழும்புச்சோ அது அப்படியே தெரியும். அதுல எத்தனை புள்ளி, எத்தனை மொட்டை வார்த்தைன்னு எண்ணிப் பின்னூட்டத்துல போடுங்க. என் பொட்டியில புள்ளி வெச்சது ஒண்ணு, மொட்டை ரெண்டு.